படிவத்தில் ஒலிக்கு விட்ட இடம்

ஓல்டன். ஜனவரி. ஆற்றைக் காணோம்.
மூடுபனிக்கு அடியில் எங்கோ ஆரே ஓடிக்கொண்டிருக்கும்
என்ற நம்பிக்கையில்
காப்பீட்டு அலுவலகம் திறந்திருக்கிறது.
மூன்றாம் மாடி, என் மேசைமேல் கறுப்புப் பெட்டி.
உள்ளே பச்சை வெல்வெட்டில் மல்லாந்து கிடக்கிறது
பதினாலாயிரத்து எண்ணூறு பிராங்க்.

டிசம்பர் ஒன்பது, மாலை ஐந்து நாற்பத்திரண்டு.
நிலையத்துக்குச் சற்று முன், தண்டவாளம் பிரியும் இடத்தில்
ரயில் ஒரு குலுக்குக் குலுக்க
மேல்தட்டிலிருந்து விழுந்தது.
நிமிடம் பிசகாமல் சொல்கிறாள் உர்சினா கபெடர்.
ரயில்களுக்கு நேரம் குறிப்பதுதான் அவள் உத்தியோகம்.

விரிசல் ஒட்டியாகிவிட்டது. செய்த கையே ஒட்டியது.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
ஸ்ப்ரூஸ் பலகையின் ரேகைகள்
உழவு சால்போல நேராக ஓடின.
எது விட்டது, எங்கே சேர்ந்தது,
நகத்தால் தடவியும் அகப்படவில்லை.
பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியைத்
துளைக்குள் விட்டுத் திருப்பினேன்:
விலாச்சட்டங்களில் உளியின் வழவழப்பு.
பிசின் ஒரு சொட்டுக்கூட வழியவில்லை.
யாரும் பார்க்க வழியில்லாத மூலையில்
பென்சிலால் ஒரு தேதி,
அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

பின்பலகை ஈட்டி மரம். நீலகிரிப் பக்கம்.
அதற்கு ஏற்றுமதிச் சான்றிதழ், முத்திரை இரண்டு.
எனக்கு சி அனுமதி அட்டை.
விரல்கணுவால் தட்டினேன்.
ஆள் இருக்கும் வீட்டின் சத்தம்.

கழுத்தின் வளைவு கால் மில்லிமீட்டர்.
மெட்டுகளின் ஓரம் எங்கேயும் உறுத்தவில்லை.
ஈரப்பதம் நாற்பத்தாறு.
எல்லாம் எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வந்தேன்.
ஒலி.
விட்டிருந்த இடம் ஒரு சென்டிமீட்டர்.

மெல்ல வாசித்தேன், பிறகு ஓங்கி.
முதல் தந்தி, தம்ளரில் கரண்டி பட்ட தெளிவு.
நடுத் தந்திகள் கூடிப் பேசியதில்
ஒரு சொல்லும் குழறவில்லை.
ஆறாம் தந்தி என் விலாவில் ஏறி
மேசையிலிருந்த படிவக் கட்டுக்குள் இறங்கியது.
நல்ல கித்தார்.
இன்னும் இரண்டாயிரம் சொன்னாலும் கொடுக்கலாம்.

"நாலாவது தந்தி," என்றாள். "அது போய்விட்டது."
மீட்டினேன். இதோ ஒலிக்கிறதே.
"ஒலிக்கிறது. முன்பெல்லாம் இப்படி உடனே வராது.
தொட்டால் கொஞ்சம் யோசிக்கும்.
அப்புறம்தான் வரும், வந்து பெருகும்."

தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்டு
நாளைக்கு நாலு பேர் வருகிறார்கள் எங்களிடம்.
தாமதம் தொலைந்துபோனதற்கு
இவள் ஒருத்திதான்.

பதிவு ஏதாவது?
"கைப்பேசியில் ஒன்று. கொசு மாதிரி கேட்கும்."
பிறகு, நான் கேட்காமலே,
கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள்.
கண்ணை மூடினாள்.
முதலில் மூச்சு மட்டும். அதன்பின் ஒன்றுமில்லை.
நான் பேனாவைக் கீழே வைக்கப் போகையில்
மூடிய வாய்க்குள்ளிருந்து வந்தது அந்தச் சுரம்,
ஈர மரத்தில் தீ பிடிப்பதுபோல
ஓரத்திலிருந்து.

நாலாவது தந்தியை மறுபடி மீட்டினேன்.
சுருதி ஒன்றேதான்.
இரண்டுக்கும் நடுவே அரை விநாடி,
அதற்கும் குறைவாக இருக்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதினேன்.
ஏன் இரண்டாயிரம் இல்லை என்றால் பதில் இல்லை.
ஆதாரம் என்ற இடத்தில்: உரிமையாளரின் தொண்டை.
பெர்னில் ஒருவர் சிவப்பு மையால் அதை அடிப்பார்,
அவர் அடிக்க வேண்டியதுதான்.

கொக்கிகளை மாட்டியவள் நிமிர்ந்து,
"சரியாகப் பிடித்தேனா தெரியவில்லை,
இன்னொரு தடவை காட்டட்டுமா?" என்றாள்.
ஐந்து பன்னிரண்டுக்கு அவள் ரயில்.
சுவர்க் கடிகாரம் அவளுக்கு நேர் எதிரே இருந்தது.
காட்டுங்கள் என்றேன்.